கம்பளி போர்த்திய யானை

சேலம் அம்மாப்பேட்டையில், தறியொலி ஓயாத ஒரு தெருவில், படிப்பகம் ஒன்று உண்டு. நாளேடுகள் நான்கு, பழைய நூல்கள் நிறைந்த அலமாரி இரண்டு, நீண்ட பலகை ஒன்று, அப்பலகையைச் சுற்றி எந்நேரமும் நடக்கும் வாதம் ஒன்று. இவ்வளவே அதன் செல்வம். அப்படிப்பகத்து நண்பர்கள் அண்மையில் ஒரு பணியை மேற்கொண்டனர். ஏற்காட்டு மலையடிவாரத்தில் இயங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்களை நாட்டுக்கு நல்கி, இன்று நுழைவாயில் வளைவாக மட்டும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ், அதன் படங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதுவது என்பதே அப்பணி. ஆண்டு, பெயர், வகை என்று மூன்று கட்டங்கள் வரைந்துகொண்டனர். ஆண்டும் பெயரும் தடையின்றி நிரம்பின. வகை என்னும் மூன்றாம் கட்டத்தில் எழுதுகோல் நின்றுவிட்டது. அதை நிறுத்தியது 1952-ஆம் ஆண்டு வெளிவந்த 'காடு' என்னும் படம்.

"வேட்டைப் படம் என்று எழுதுங்கள்" என்றார் ஒரு நண்பர். "இல்லை, அறிவியல் படம். தமிழில் வந்த முதல் அறிவியல் படமே அதுதான்" என்றார் மற்றொருவர். "யானைக்குக் கம்பளி போர்த்தியதும் அறிவியல் ஆகிவிடுமா, அய்யா? அப்படியானால் மார்கழியில் ஏற்காட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்போர் அனைவரும் விஞ்ஞானிகளா? வான்கலம் வந்த 'கலை அரசி'தான் முதல் அறிவியல் படம்" என்று மூன்றாமவர் மடக்கினார். வழக்கு முற்றிய வேளையில் நாம் அங்கே நுழைந்தோம். தீர்ப்பை நம் தலையில் வைத்துவிட்டனர்.

முதலில் நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. யானை ஓடுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, இளவரசி அஞ்சுகிறாள், வீரன் தாங்குகிறான்! இதைக் காட்டுப் படம் என்னாமல் வேறென்ன என்பது? எழுதிவிட்டு வேறு வேலை பாருங்கள் என்றே கூறினோம். வீடு திரும்பும் வழியில்தான் ஐயம் எழுந்தது. அவ்வளவு எளிதில் தீர்ந்துவிடுவதா இவ்வழக்கு?

பெயரிடுவதில் இத்தனை பிணக்கு எதற்கு, படம் நன்றாயிருந்தால் பார்ப்போம், இல்லையேல் எழுந்து போவோம் என்பாரும் உளர். அவர்கள் ஒருமுறை கொல்லிமலைக் கதையைக் கேட்க வேண்டும். சேலத்துக்குத் தென்கிழக்கே, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததாக நிற்கும் அம்மலையில் பாவை ஒன்று இருந்ததாகச் சங்கப் புலவர் பாடினர். அதைத் தெய்வம் ஆக்கியது என்றும் பூதம் ஆக்கியது என்றும் நற்றிணைப் பாடல்கள் கூறும். தலைவியின் அழகுக்கு அப்பாவையை உவமையாக்கினர். பிற்காலத்தார் கதையை வளர்த்தனர். அது தானே இயங்கும் பொறி என்றனர். வருவோரைக் கண்டு சிரிக்கும், சிரித்து மயக்கும், மயங்கியவரைக் கொல்லும் என்றனர். இன்றோ அம்மலையில் கோயில் கொண்டுள்ள எட்டுக்கை அம்மனே அப்பாவை என்பர். கருதிப் பாருங்கள். பொறி என்று பெயர் சூட்டியிருந்த காலத்தில், 'அதைச் செய்தவன் யார்? எவ்வாறு செய்தான்? எது தொட்டால் சிரிக்கும்?' என்று கேட்க வழியிருந்தது. அம்மன் என்று பெயர் மாறியதும் கேள்விக்கு வேலை இல்லாமற் போயிற்று. கைகூப்புவதற்கே வேலை! மலை மாறவில்லை. கதையும் பெரிதும் மாறவில்லை. வகைதான் மாறிற்று. அந்த மாற்றமே கேட்போரின் மனநிலையை அடியோடு மாற்றிவிட்டது. ஆகவே மூன்றாம் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது எழுத்தர் வேலை அன்று. பார்ப்போன் எந்த மனத்தோடு கொட்டகைக்குள் நுழைகிறான் என்பதை முடிவு செய்யும் வேலை அது.

நம் நாட்டில் திரைப்படங்களுக்கு வகை வகுத்த முறைதான் என்ன? புராணப் படம், ராஜா ராணிப் படம், சமூகப் படம், மாயாஜாலப் படம், துப்பறியும் படம், சண்டைப் படம். துண்டறிக்கைகளிலும் சுவரொட்டிகளிலும் நாம் கண்டு பழகிய பெயர்கள் இவை. இவற்றை வகுத்தவர் திறனாய்வாளர் அல்லர். உடைப்பெட்டியைத் திறந்து பார்த்து வகுத்தவை போல் இருக்கின்றன. சடைமுடி என்றால் புராணம். மணிமுடி என்றால் ராஜா ராணி. வேட்டி என்றால் சமூகம். தொப்பியும் கைத்துப்பாக்கியும் என்றால் துப்பறிதல். துணிக்கடையில் சரக்குப் பிரிப்பதற்கு இம்முறை போதும். கதைக்குப் போதுமா?

போதாது என்பதைச் சேலமே மெய்ப்பித்தது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அளித்த 'மந்திரி குமாரி'யில் முடி உண்டு, வாள் உண்டு, அரசவை உண்டு. குண்டலகேசிக் கதையைத் தழுவிய படம் அது. உடைப்பெட்டி முறைப்படி அது ராஜா ராணிப் படம். ஆனால் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலைக் கேட்டுக் கை தட்டினரே, அவர்கள் பழங்கால நாடொன்றின் அரசகுருவையா கண்டனர்? தம் காலத்து நாட்டை, தம் காலத்து ஆதிக்கத்தைக் கண்டனர். முடியைப் பார்த்து வகை கூறியவன் ஏமாந்தான், கேட்டவன் ஏமாறவில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு வகை கூறுவது? இதற்கு விடை தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. தொல்காப்பியரே வழி காட்டியிருக்கிறார். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அவர் மூன்றாகப் பிரித்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து விலங்கும் மரமும் தொழிலும் கரு. மாந்தரின் ஒழுக்கம் உரி. திணைகள் ஒன்றோடொன்று மயங்கி வருவதை அவர் தடுக்கவில்லை. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று இடம் கொடுத்தார். மருதத்து எருமை முல்லைப் பாட்டில் நுழைந்தால் குடி முழுகிவிடாது. பிரிந்த தலைவன் வருவான் என்று தலைவி ஆற்றியிருந்தால் அது முல்லையே. அகப்பாட்டுக்குச் சொன்ன விதியைத் திரைப்படத்துக்கு இழுப்பதா என்று புலவர் பெருமக்கள் முகஞ்சுளிக்கலாம். இழுக்கத்தான் செய்கிறோம். கலவைக் கதைகளைக் கண்டு இன்றைய உலகம் திகைக்கிறது. கலவையை எதிர்பார்த்து விதி செய்தவர் நம் வீட்டிலே இருக்கும்போது அவரைக் கேட்பதில் என்ன குறை?

இவ்விதிப்படி கம்பளியானையும் கருப்பொருள், வான்கலமும் கருப்பொருள். இரண்டில் எது வந்தது என்று பார்த்து வகை கூறுவது, எருமையைக் கண்டதும் மருதம் என்று கூவுவது போன்றது. நம் நண்பர் இருவரும் செய்த பிழை இதுவே. ஒருவர் யானையைக் காட்டினார், மற்றவர் கலத்தைக் காட்டினார். உரிப்பொருளை யாரும் காட்டவில்லை.

அறிவியல் கதையின் உரிப்பொருள் யாது? 1926-இல் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் இத்தகைய கதைகளுக்கென்றே தனி இதழ் தொடங்கினார். அந்நாள் முதல் இதற்கு வரையறை கூறியோர் பலர். அவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி வாசகரை வருத்த விரும்பவில்லை. இரண்டு கதவுகளைக் காட்டினால் போதும்.

ஒரு கதவு சேலத்திலேயே படமானது. 1956-இல் வண்ணப்படமாக வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்துக் குகைக் கதவு அது. ஒரு சொல்லைச் சொன்னால் திறக்கும், சொன்னால் மூடும். ஏன் திறக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் கதை நின்றுவிடும். சொல்லை அறிந்தவன் உள்ளே போவான், மறந்தவன் மாட்டிக்கொள்வான். மற்றொன்று சீவக சிந்தாமணியில் வருகிறது. அது கதவன்று, மயிற்பொறி. சச்சந்தன் அதைக் கைத்திறன் மிக்க தச்சனைக் கொண்டு செய்வித்தான். பறக்கச் செய்வதற்கும் இறங்கச் செய்வதற்கும் விசையைத் திருப்பும் முறையை விசயை கற்றுக்கொண்டாள். கட்டியங்காரனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் அவள் மயங்கினாள். மயங்கியதும் பொறி இடுகாட்டில் இறங்கிற்று. புட்பக விமானம் நினைத்த இடத்துக்குச் செல்லும். மயிற்பொறியோ திருப்புகிறவர் கை தளர்ந்தால் தரைக்கு வந்துவிடும். செய்தவன் ஒருவன் உண்டு, கற்றவர் ஒருவர் உண்டு, பிழைபட்டால் விளைவும் உண்டு. சொல்லால் திறப்பது மாயம். விசையால் இயங்குவது அறிவியல். காரணத்தைக் கேட்டால் கலையாத கதை, கேட்கக் கேட்க உறுதிப்படும் கதை, அதுவே அறிவியல் கதை. காரணம் தேடும் ஒழுக்கமே அதன் உரிப்பொருள்.

இனிக் 'காடு' படத்தை எடுத்துக்கொள்வோம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பி, துணியை விட்டுப் படச்சுருளைப் பிடித்தவர் டி. ஆர். சுந்தரம். அவர் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு கூடி எடுத்த படம் இது. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க்; எழுதியவர் கரோல் யங். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகர்களும், நம் எம். என். நம்பியார், சுலோசனா, டேவிட் ஆகியோரும் நடித்தனர். அதே 1952-இல் அதே நிலையத்திலிருந்து பாவேந்தர் பாரதிதாசன் உரையாடல் எழுதிய 'வளையாபதி'யும் வந்தது. ஒரே ஆண்டில் காப்பியத்துக்கும் கம்பளியானைக்கும் இடம் தந்த நிலையம்! மூன்றாம் கட்டத்தில் எழுதுகோல் தடுமாறாமல் என்ன செய்யும்?

கதை சிறிது. யானைக் கூட்டங்கள் வெறிகொண்டு ஊர்களை மிதிக்கின்றன. ஏன் என்பதே கேள்வி. ஸ்டீவ் பென்ட்லி என்னும் அமெரிக்க வேட்டைக்காரன் ஒரு காரணம் கூறுகிறான். மண்ணுலகிலிருந்து மறைந்துவிட்டதாகக் கருதப்படும் கம்பளியானைகள் காட்டினுள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு அஞ்சியே யானைகள் ஓடிவருகின்றன என்பது அவன் கூற்று. நாட்டை ஆளும் இளவரசியும் அவளுடைய துணைவரும் அதை எளிதில் ஏற்கவில்லை. கண்டறிவதற்குக் கூட்டமாகப் புறப்படுகின்றனர். காதலும் பகையும் வழியில் சேர்ந்துகொள்கின்றன. படத்துக்குப் படம் சேர்வதுதானே, அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இப்படத்தின் பிறப்பை ஆராய்ந்தால் அதன் கலவை புலப்படும். பெர்க்கும் யங்கும் 1948-இல் 'ஜங்கிள் ஜிம்' என்னும் படத்தில் ஏற்கெனவே கூட்டாளிகள். யங் டார்சன் படங்களுக்கும் கதை எழுதியவர். அதாவது காட்டுப் பட மரபிலேயே கை பழகியவர்கள். அம்மரபு நமக்கும் புதிதன்று. 'வனராஜா கார்ஸான்' 1938-லேயே தமிழில் வந்துவிட்டது. ஆனால் அதே யங் கதை எழுத, அதே ரொமேரோ நடிக்க, அதே லிப்பர்ட் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட இன்னொரு படம் உண்டு. 'லாஸ்ட் கான்டினென்ட்' என்பது அதன் பெயர். காணாமற் போன ராக்கெட்டைத் தேடிச் சென்றவர்கள் பண்டைய பெருவிலங்குகளைக் காணும் கதை. அதைக் காட்டுப் படம் என்று யாரும் கூறுவதில்லை. அறிவியல் படங்களின் வரிசையிலேயே வைக்கின்றனர். கானன் டாயில் 1912-இல் எழுதிய மறைந்த உலகக் கதையின் வழிவந்தது அது. ஆகவே 'காடு' இரு குடும்பத்துப் பிள்ளை. தந்தை வழி காடு. தாய் வழி அறிவியல். இங்கே ஊரார் தந்தை பெயரை மட்டும் எழுதிவிட்டனர்.

"கம்பளியானை நம் காட்டு வெப்பத்தில் எப்படி வாழும்? தவறான அறிவியல் அல்லவா?" என்று மூன்றாம் நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கம்பளியானை சைபீரியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய நிலங்களின் குளிர்ப் புல்வெளிகளில் திரிந்த விலங்கு. சிறிய செவி, தோலின்கீழ் தடித்த கொழுப்பு, மேலே நீண்ட மயிர் ஆகிய அனைத்தும் குளிருக்கென்று அமைந்தவை. பெருநிலத்தில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அது மறைந்தது. ஆர்க்டிக் கடலிலுள்ள ராங்கல் தீவில் மட்டும் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை எஞ்சியிருந்தது. அதைத் தென்னாட்டு வெயிலில் நிறுத்தினால் ஒரு பகலைத் தாங்குமா என்பது ஐயமே. இவ்விடத்தில் படம் தலைகுனியத்தான் வேண்டும்.

ஆனால் தவறிய அறிவியல் வேறு; அறிவியல் அல்லாதது வேறு. ஞாயிறு நிலத்தைச் சுற்றுகிறது என்று எண்ணிக் கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்ட பண்டைய வானூலாரும் வானூலாரே. மனிதரைப் பீரங்கியில் அடைத்து நிலவுக்குச் சுட்ட ஜூல்ஸ் வெர்னும் அறிவியல் கதை எழுதியவரே. பிழை என்று நாம் காட்ட முடிகிறதே, அதுவே அக்கதை எந்தக் குலம் என்பதற்குச் சான்று. அலிபாபாவின் குகைக் கதவில் பிழை காட்ட முடியுமா? முடியாது. அங்கே பிழைக்கும் இடமில்லை, சரிக்கும் இடமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வழக்குக்கு இன்றியமையாததன்று, ஆயினும் விட மனம் வரவில்லை. படம் எடுத்தவர்கள் கம்பளியானைக்கு எங்கே போவார்கள்? நம் நாட்டு யானைக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நடத்தினர். பார்த்தவர் நகைத்தனர். இந்நூற்றாண்டில் நடந்த மரபணு ஆய்வுகள் என்ன கூறுகின்றன தெரியுமா? கம்பளியானைக்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானையே என்கின்றன. ஆப்பிரிக்க யானைக்கு இருக்கும் நெருக்கத்தைக் காட்டிலும் கம்பளியானைக்கே ஆசிய யானை நெருக்கமாம்! காசு பற்றாமல் செய்த ஒப்பனை, அறியாமலே உண்மைக்கு அருகில் போய் நின்றிருக்கிறது. உலகில் இன்று உயிரோடுள்ள விலங்குகளில் அப்போர்வைக்கு மிகவும் பொருத்தமான விலங்கின்மேலேயே போர்வை விழுந்திருக்கிறது.

உரிப்பொருளுக்கு வருவோம். யானைகள் ஊரை அழிக்கின்றன என்றதும் நம் பழைய கதைகள் என்ன செய்யும்? சாபம் என்னும், தெய்வக் குற்றம் என்னும், பலி கேட்கிறது என்னும். 'காடு' அவ்வழி செல்லவில்லை. இயற்கையில் நிகழ்ந்த ஒன்றுக்கு இயற்கையிலேயே காரணம் இருக்க வேண்டும் என்று தொடங்குகிறது. ஒருவன் கருதுகோள் ஒன்றைச் சொல்கிறான், மற்றவர் மறுக்கின்றனர், சென்று காண்போம் என்று புறப்படுகின்றனர். கம்பளியானையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு பூதத்தை நிறுத்திப் பாருங்கள். புறப்பட வேண்டியவன் வேட்டைக்காரன் அல்லன், மந்திரவாதி ஆகிவிடுவான். ஐயமும் மறுப்பும் சென்று காணலும் பொருளற்றுப் போகும். கருவை மாற்றியதும் கதை இடிந்து விழுகிறது என்றால், அக்கரு போர்வைக்காக வந்ததன்று. உரியோடு ஒட்டியது என்பது தெளிவு.

இதே சோதனையைக் 'கலை அரசி'க்கும் செய்தல் முறை. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963 ஏப்ரலில் வெளிவந்த படம். யூரி ககாரின் விண்ணைச் சுற்றி வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் மேலெழுவதற்கு இன்னும் ஏழு திங்கள் இருந்தன. அந்நேரத்தில் வேற்றுலகத்தார் மண்ணுலகுக்கு வருவதாகக் கதை செய்த துணிவைப் போற்றத்தான் வேண்டும். அறிவியலில் உயர்ந்தும் கலையில் வறிய உலகம் அவர்களுடையது. இசை கற்பிக்க ஒருத்தி வேண்டுமென்று பானுமதி நடித்த வாணியைக் கடத்திச் செல்கின்றனர். அவளை நாடி மேலுலகம் செல்லும் மோகன், கோமாளி வேடம் பூண்டு அவளை மீட்கிறான்.

வான்கலத்தை எடுத்துவிட்டு அங்கே பறக்கும் கம்பளம் ஒன்றை விரித்துப் பாருங்கள். என்ன குறைகிறது? மேலுலகில் இருப்பவர் அரசர், அரசிளங்குமரி, அரண்மனை, கோமாளி. கடத்தப்பட்ட மங்கை, தேடிச் செல்லும் வீரன், மாறுவேடம், மீட்சி. தேரில் போனாலும் இக்கதை நடக்கும். ஓடத்தில் போனாலும் நடக்கும். கோடிக் கல் தொலைவு சென்றும் ராஜா ராணிப் படத்தின் கோட்டைச் சுவரைத் தாண்ட முடியவில்லை. எனினும் நம் தீர்ப்பில் ஒரு தயக்கம் இருக்கிறது. அறிவு வளர்ந்து கலை வற்றிய உலகம் என்னும் எண்ணம் இருக்கிறதே, அதைப் பறக்கும் கம்பளம் சுமக்காது. அது மெய்யான அறிவியல் கதைக்குரிய வித்து. விதைத்தவர்கள் நீர் பாய்ச்சவில்லை. விதைத்ததற்காகப் பாராட்டுவோம், விளைச்சல் என்று எழுதமாட்டோம்.

இவ்வளவும் எழுதிய பிறகு, படிப்பகத்து நண்பர் ஒருவர், "ஏதோ ஒரு பெயர், நம் சேலத்துக்கு 'முதல்' என்னும் பெருமை வந்தால் சரி" என்றார். பெருமைக்காக இதை நாம் எழுதவில்லை. அதைக்காட்டிலும் முதன்மையானது ஒன்று இருக்கிறது. 'காடு' படத்தை வேட்டைப் படம் என்று எழுதிவிட்டால் நாம் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. வேட்டைப் படத்தில் வெள்ளைக்காரன் துப்பாக்கி பிடிப்பான், உள்ளூரார் மூட்டை சுமப்பர். அது அவ்வகையின் வழக்கம்; யாரும் வியப்பதில்லை. அறிவியல் கதை என்று எழுதினாலோ, உடனே கேட்டாக வேண்டும்: இதில் அறிவு யாருடையது?

காரணத்தைக் கண்டவன் அமெரிக்கன். மறுத்தவர், அஞ்சியவர், மிதிபட்டவர் நாம். இளவரசி நம் நாட்டவள் என்கிறது கதை. அவ்வேடத்தை ஏற்றவரும் அமெரிக்க நடிகையே. அவளுடைய துணைவன் ராமா சிங் என்கிறது கதை. அவ்வேடத்தில் வந்தவர் ரொமேரோ. தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்ந்தவர் இந்நாட்டில் உளர். யானை எப்போது ஊருக்குள் இறங்கும், எது அதை வெருட்டும், எந்தத் தடம் அதன் தடம் என்பதைக் காலடி மண்ணைப் பார்த்துக் கூறும் மலைமக்கள் உளர். அவர்களுள் ஒருவன் வாயில் அக்காரணத்தை வைத்திருக்கலாமே! வைக்கவில்லை. ஆராய்ச்சி கப்பலேறி வரவேண்டும், அச்சம் மட்டும் உள்நாட்டுச் சரக்கு என்று ஆக்கிவிட்டனர்.

இதிலே கசப்பு என்னவென்றால், படத்துக்கு வெளியே நிலைமை நேர்மாறு. நாட்டின் எல்லையைத் தாண்டி அமெரிக்க நிறுவனத்தோடு கைகோத்து, விலங்கையும் மனிதரையும் விளக்கையும் ஒலியையும் ஒழுங்காக இயக்கத் தெரிந்த நிலையம் ஏற்காட்டு அடிவாரத்தில் இருந்தது. அங்கே தச்சர் இருந்தனர், மின் பணியாளர் இருந்தனர், ஒப்பனையாளர் இருந்தனர். லீட்சில் கற்றுத் திரும்பிய முதலாளி இருந்தார். மயிற்பொறியைச் செய்த தச்சன் மரபு அங்கே உயிரோடு இருந்தது. கேமராவுக்குப் பின்னே இருந்த அறிவில் ஒரு கைப்பிடியையேனும் கேமராவுக்கு முன்னே அள்ளி வைத்திருந்தால் இப்படம் வேறு படமாகியிருக்கும். வேட்டைப் படம் என்று எழுதிச் சிரித்துக்கொண்டு போயிருந்தால் இக்குறை நம் கண்ணில் பட்டிருக்குமா?

பிற்காலத்தில் தமிழ்க் கதையுலகில் இக்குறை நீங்கத் தொடங்கியது. சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். தூர்தர்ஷனில் அது தொடராகவும் வந்தது. அதில் காதல் உண்டு, துப்பறிதல் உண்டு, ஆட்சிக் கவிழ்ப்பு உண்டு, பேசும் நாய் உண்டு. கலவை என்றால் அது கலவை! ஆனால் ஜீனோ என்னும் அந்த நாய் பொறி. அது பேசுவது தமிழ், சிந்திப்பதும் தமிழில். அதனைப் பேய்க்கதை என்றோ விலங்குக் கதை என்றோ எழுத எவருக்கும் எழுதுகோல் எழவில்லை. அறிவு நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசியபோது வகை கூறுவது எளிதாகிவிட்டது.

மறுவாரம் படிப்பகத்துக்குச் சென்று இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. தேநீர் இருமுறை வந்தது. இறுதியில் மூன்றாம் கட்டத்தில் 'அறிவியல் கதை, வேட்டைக் கோலத்தில்' என்று நண்பர் எழுதினார். கம்பளியைக் கேலி செய்தவருக்கு அது இன்னும் உடன்பாடில்லை. தம் மறுப்பைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைப்பேன் என்றார், எழுதியும் வைத்தார். பிறகு பட்டியலில் 1956-ஆம் ஆண்டுக்கு வந்தனர். 'அலிபாபா' படத்துக்கு நேரே மாயாஜாலம் என்று எழுதப் போன கையை முதல் நண்பர் பிடித்துக்கொண்டார். "திருடர் நாற்பது பேர் வரும் படத்தை மாயாஜாலம் என்பதா? நிறுத்துங்கள்" என்றார். நாம் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.